ஆயிரத்து நூத்தி எண்பத்தேழு

கை பாட்டுக்கு வேலையைப் பாக்கட்டும், நீங்க கேளுங்க டீச்சர், சொல்றேன். கை நின்னா இந்த மூட்டை இன்னைக்கு முடியாது. அந்தச் சாக்கு மேல மட்டும் உக்காராதீங்க, புளி ஒட்டிச்சுன்னா சேலையை விடாது. இந்தப் பலகையை இழுத்துப் போட்டுக்குங்க.

எங்க அத்தை ரேஷன் கடைக்குப் போயிருக்குது. பாப்பாவோட ஆதார் கார்டு பொட்டிக்குள்ள இருக்குது, பொட்டிச் சாவி அத்தை இடுப்புல இருக்குது. இப்ப வந்துடும். அதுவரைக்கும் மத்ததை எழுதிக்குங்க.

புள்ளை பேரு தன்ஷிகா. அவங்கப்பா வெச்ச பேரு. எங்க அத்தைக்கு அது வாயில வராது, தஞ்சி தஞ்சின்னு கூப்புடும். ரெண்டே கால் வயசு. உள்ள தூங்குது. இந்த வயசுப் புள்ளையைக் கூடவா பள்ளிக்கூடத்துல கணக்கெடுக்கறாங்க? ஓ, பொறந்ததுல இருந்து பதினெட்டு வயசு வரைக்குமா. சரிங்க.

அப்பா பேருங்களா... டீச்சர், அந்தப் பேனாவை இப்படிக் குடுங்களேன், நானே எழுதிடறேன். வாயால சொன்னா ஒண்ணும் ஆயிடாதுதான். பழகலை, அவ்வளவுதான். கையைத் தொடச்சுக்கறேன் இருங்க. இந்தாங்க.

எழுத்து நல்லா இருக்குதா? நெசமாவா? ஏழாவது பாதியோட நின்னுட்டேங்க. எங்கம்மாவுக்குக் கால் ஒடிஞ்சு படுத்துடுச்சு, வீட்டுல வேற ஆள் இல்ல. அப்படியே நின்னது நின்னதுதான்.

எதைக் கேக்கறீங்க? ஓ. செவுத்தைப் பாத்துட்டீங்களா. வீடு பூரா வெள்ளை அடிச்சிருக்கு, அந்த ஒரு கட்டம் மட்டும் ஏன் அழுக்கா நிக்குதுன்னுதானே. அதுல இருக்கறது நம்பருங்க. போன் நம்பர் இல்ல. சும்மா நம்பர். இல்ல, சும்மாவும் இல்ல.

நீங்க எந்தப் பாடம் எடுக்கறீங்க டீச்சர்?

கணக்கா.

கணக்கு டீச்சரா நீங்க.

அப்படின்னா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கலாமா கூடாதான்னு தெரியலை. நான் இவ்வளவு பேசியே எத்தனையோ நாளாச்சு. இந்தத் தெருவுல என்னை ஊமைச்சின்னு சொல்றவங்களும் இருக்காங்க. அத்தை வர்றதுக்குள்ள சொல்லிடறேன். இல்ல, அத்தைக்குத் தெரியும். பாதி தெரியும். மீதிப் பாதிதான் யாருக்கும் தெரியாது.

அவரு போர் வண்டியில வேலைங்க. பூமியைத் தொளை போட்டுத் தண்ணி எடுக்கற வண்டி. இங்க இருந்து லாரியோட கிளம்பினா சத்தீஸ்கர் பக்கம், அதுக்கும் மேல, எங்கெங்கயோ. போன வருசம் தை மாசக் கடைசியில கிளம்பினாரு. பையை எடுத்து வாசல்ல வெச்சாச்சு. நான் அடுப்புக்கிட்ட நின்னு, எப்ப வருவீங்கன்னு கேட்டேன். அதுக்கு முந்தின தடவையும் இதேதான் கேட்டேன், வரும்போது வருவேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அந்தத் தடவை சிரிச்சாரு. நல்ல சிரிப்பு அவருக்கு.

"ஏன்டி, கல்யாணத்தப்போ எம் பொண்ணு கணக்குல புலின்னு உங்கம்மா பீத்திக்கிச்சே, அந்தப் புலி எங்க, ஒளிஞ்சுகிச்சா?"ன்னாரு.

சொல்லிட்டு அடுப்புல இருந்து அணைஞ்ச கரி ஒண்ணை எடுத்து செவுத்துல ஆறு எழுத்து எழுதினாரு. யோசிக்கவே இல்ல, கைக்கு வந்ததை எழுதினாரு. அஞ்சு, சைபர், ஆறு, ஒம்போது, அஞ்சு, ஒண்ணு. அஞ்சு லட்சத்து ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தொண்ணு.

"இதை மீதி இல்லாம வகுக்கற நம்பர் ஒண்ணைக் கண்டுபுடி. ஒண்ணும் சேத்தி இல்ல, அதே நம்பரும் சேத்தி இல்ல. கண்டுபுடிச்சுப் போன்ல சொன்னியானா அடுத்த ரயிலைப் புடிச்சு வந்துடறேன். அப்புறம் போகவே மாட்டேன், இங்கயே புளி உலுக்கிக்கிட்டுக் கெடக்கறேன்."

"சத்தியமாவா?"ன்னேன்.

பாப்பா என் இடுப்புல இருந்துச்சு. அது தலையில கையை வெச்சாரு. "புள்ளை மேல சத்தியம்."

பாத்தீங்களா டீச்சர். எங்க பக்கத்துல அது விளையாட்டு இல்ல. கற்பூரத்தை அணைச்சுப் பொய் சொன்னவங்க இருக்காங்க. பெத்த புள்ளை தலையில கையை வெச்சுட்டு மாத்தினவங்க கிடையாது. மாத்தினா அது சொன்னவங்க மேல விடியாது, புள்ளை மேலதான் விடியும்.

அவரு கிளம்பிட்டாரு. நான் செவுத்தைப் பாத்துட்டு நின்னேன்.

முதல்ல சும்மாதான் பாத்தேன். ஒத்தைப்படை, அதனால ரெண்டால போகாது. கடைசியில ஒண்ணு, அதனால அஞ்சால போகாது. எழுத்தையெல்லாம் கூட்டினா இருவத்தாறு, அதனால மூணால போகாது. இதெல்லாம் ஆறாவது புத்தகத்துல இருந்துச்சு. எப்படி மறக்காம இருந்துச்சுன்னு எனக்கே தெரியலை. எத்தனையோ மறந்துட்டேன். எங்க பள்ளிக்கூடத்துப் பிரேயர் பாட்டு கூட நடுவுல ரெண்டு வரி ஞாபகம் வராது.

தாள் வேணும்ல. எங்க வீட்டுல தினம் காலண்டர் கிழிக்கறது என் வேலை. பின்பக்கம் வெறுசா இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு தாள், ஒரு தாளுக்கு ரெண்டு மூணு வகுத்தல். பாப்பா தூங்கற நேரம்தான் எனக்கு. புளிக் கையோட எழுதினா தாளும் புளிக்குது, பென்சிலும் புளிக்குது.

எல்லா நம்பராலயும் வகுக்க வேண்டியதில்லன்னு உங்களுக்குத் தெரியும். ரெண்டால போகலைன்னா நாலால எப்படிப் போகும்? தாய் வராத வீட்டுக்குப் புள்ளை வருமா? அதனால வேற எதாலயும் வகுபடாத நம்பருங்களை மட்டும் முதல்ல எடுத்துக்கிட்டேன். பகா எண். ஆமாங்க, அதேதான், அந்தப் பேரு ஞாபகம் இருந்துச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா எழுதிட்டு, ரெண்டு ரெண்டா அடிச்சுட்டு வரணும், அப்புறம் மூணு மூணா அடிக்கணும், அஞ்சு அஞ்சா, ஏழு ஏழா. எதுலயும் அடிபடாம நிக்கறதெல்லாம் ஒத்தை ஆளுங்க. முதல்ல நெருக்கமாத்தான் நிக்கறாங்க. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு. போகப் போக இடைவெளி விட்டுடுது. ஆனா தீர்ந்து போறதே இல்ல டீச்சர். எவ்வளவு தூரம் போனாலும் எங்கயோ ஒருத்தர் நிக்கறாங்க. அது ஏன்?

சரி, அது அப்புறம்.

ஒரு நாள் என்னாச்சுன்னா, ஏழையும் பதினொண்ணையும் பதிமூணையும் பெருக்கிப் பாத்தேன், சும்மாதான். ஆயிரத்தி ஒண்ணு வந்துச்சு. எனக்கு உடம்பு பூரா சிலிர்த்துப் போச்சு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. எந்த மூணு எழுத்து நம்பரா இருந்தாலும் ஆயிரத்தி ஒண்ணால பெருக்கினா அதே நம்பர் ரெண்டு தடவை பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும். முன்னூத்தி எழுபத்தஞ்சு, முன்னூத்தி எழுபத்தஞ்சு. அப்படி ஜோடியா வர்ற நம்பர் எல்லாமே ஏழால போகும், பதினொண்ணால போகும், பதிமூணால போகும். எங்க நம்பர்ல முன்னாடி ஐநூத்தி ஆறு, பின்னாடி தொள்ளாயிரத்து அம்பத்தொண்ணு. ஜோடி சேரலை. கழிச்சா நானூத்தி நாப்பத்தஞ்சு. அது ஏழு, பதினொண்ணு, பதிமூணு எதாலயும் போகலை, அப்ப பெரிய நம்பரும் போகாது. ஒரே கழித்தல்ல மூணு வகுத்தல் மிச்சம்.

இதை யார்கிட்டயாவது சொல்லணும்னு தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. அத்தை அப்பதான் கொட்டகைக்குள்ள வந்துச்சு. "அத்தை, ஆயிரத்தி ஒண்ணு!"ன்னேன்.

"யாரு வீட்டு மொய்யி?"ன்னு கேட்டுச்சு.

நீங்க சிரிக்கறீங்க. நானும் சிரிச்சேன், அடுப்படிக்குப் போய். பாப்பாகிட்ட சொன்னேன். அது புளியங்கொட்டையை எடுத்து வாயில போட்டுக்கிச்சு, தோண்டி எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடுச்சு.

இந்தக் கொட்டைங்க எனக்கு நிறையச் சொல்லிக் குடுத்துச்சு டீச்சர். இப்படி இருவத்துநாலு கொட்டையை வரிசையா வெச்சா, நாலு வரிசைக்கு ஆறு. நீங்க அந்தப் பக்கம் உக்காந்து பாத்தா ஆறு வரிசைக்கு நாலு. அதே கட்டம்தான், ஆள் உக்கார்ற பக்கம்தான் வேற. அப்படின்னா ஒரு பக்கம் பெருசானா இன்னொரு பக்கம் சிறுசாத்தான் இருக்கும். ரெண்டும் சமமா வர்ற இடம் வரைக்கும் தேடினா போதும், அதுக்கு மேல தேடறது வீண். எங்க நம்பருக்கு அந்த இடம் எழுநூத்திப் பன்னெண்டு. எழுநூத்திப் பன்னெண்டை அதாலயே பெருக்கிப் பாருங்க, நம்பருக்கு ஏழே ஏழு குறையும். அத்தனை லட்சம் கொட்டை சதுரமா உக்காந்திருக்குது, ஏழு கொட்டை மட்டும் வெளிய நிக்குது. அந்த ஏழை நெனச்சா எனக்கு ஏன்னே தெரியாம ஒரு மாதிரி இருக்கும்.

அத்தைக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, கிழிச்ச தாளையெல்லாம் கட்டி அரிசி டின்னுக்குப் பின்னாடி வெச்சிருந்தேன். ஒரு நாள் எடுத்துட்டு வந்து என் முன்னாடி போட்டுச்சு.

"எவன் நம்பருடி இதெல்லாம்?"

"வகுத்தல் கணக்கு அத்தை."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு தண்ணி காட்டறியா? ஒரு கட்டு வெச்சிருக்கற. எத்தனை பேருடி?"

"ஆறு எழுத்து நம்பருக்கு எந்த ஊருக்கு அத்தை போன் போகும்?"

"அதையும் தெரிஞ்சு வெச்சிருக்கறா பாரு!"

அழுதுட்டேன். அழுதுட்டே சொன்னேன், இந்த மாதிரி, இந்த மாதிரி, உங்க புள்ளைதான் எழுதிட்டுப் போனாரு, பாப்பா தலையில கை வெச்சு. அத்தை, "தஞ்சி தலையில கை வெச்சா சொன்னான்?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன். கொஞ்ச நேரம் செவுத்தைப் பாத்துச்சு. அப்புறம் தாளுங்களைப் பொறுக்கி, தட்டி, கயித்தைச் சுத்திக் கட்டி என் மடியில வெச்சுச்சு. "அப்ப போடு"ன்னு சொல்லிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிடுச்சு. மறுநாள்ல இருந்து சாயங்கால அடுப்பு அத்தைது. வாரத்துக்கு ஒரு தடவை மட்டும், "உன் கணக்கு எங்க வந்துச்சு?"ன்னு கேக்கும். முன்னூத்தி ஏழு அத்தைம்பேன். நானூத்தி ஒம்போது அத்தைம்பேன். "இன்னும் எவ்வளவு தொலைவு?"ங்கும், திருப்பதிக்கு நடந்து போறவங்களைக் கேக்கற மாதிரி.

சித்திரையில வந்துச்சு டீச்சர். நூத்திப் பன்னெண்டாவது பகா எண். அறுநூத்திப் பதிமூணு. கடைசியா நாலாயிரத்து இருநூத்தித் தொண்ணூத்தொண்ணு நிக்குது, ஏழு தடவை அறுநூத்திப் பதிமூணும் அதே நாலாயிரத்து இருநூத்தித் தொண்ணூத்தொண்ணு. கழிச்சா சைபர். நான் தப்புன்னு நெனச்சேன். திருப்பிப் பெருக்கினேன். எண்ணூத்தி இருவத்தேழு தடவை அறுநூத்திப் பதிமூணு. சரியா வந்துச்சு. தாளைத் திருப்பி என் ராசிக்கு என்ன போட்டிருக்குன்னு பாத்தேன். அலைச்சல்னு போட்டிருந்துச்சு.

அவரு போன் பண்றது அத்தை போன்லதான். எனக்குத் தனியா கிடையாது. அன்னைக்குச் சாயங்காலம் வந்துச்சு.

"வகுபட்டுடுச்சுங்க"ன்னேன்.

"எது?"

"நம்பருங்க."

"எந்த நம்பரு? கேஸ் நம்பரா?"

"செவுத்துல எழுதிட்டுப் போனீங்களே. அறுநூத்திப் பதிமூணால போகுது."

அந்தப் பக்கம் மெசின் சத்தம். அப்புறம் சிரிச்சாரு. "அடிப் பைத்தியமே. நெசமாவே உக்காந்து போட்டியா?"

"எப்ப வர்றீங்க?"

மெசின் சத்தம் மட்டும். பின்னாடி ஒரு பொம்பளைக் குரல் இந்தியில என்னவோ கேட்டுச்சு, அதுக்கு அவரும் இந்தியில பதில் சொன்னாரு. நல்லாப் பேசறாரு இந்தி. வண்டி நிக்கற எடத்துக்கார அம்மாவா இருக்கும்.

அப்புறம் என்கிட்ட, "அது பொடி நம்பருடி. உன் ரேஞ்சுக்கு ஒண்ணு தரேன் எழுதிக்க"ன்னாரு. கம்ப்ரசர் மெசின்ல அடிச்சிருக்குதுன்னு சொல்லிட்டே ஒவ்வொரு எழுத்தாப் படிச்சாரு. நாலு, ஒண்ணு, நாலு, மூணு, எட்டு, ஒண்ணு, ஏழு. "இதை வகுத்துக் காட்டு. அதே சத்தியம்தான். அம்மாகிட்ட குடு."

நாப்பத்தோரு லட்சத்து நாப்பத்தி மூவாயிரத்து எண்ணூத்திப் பதினேழு.

நீங்களே சொல்லுங்க, ஒருத்தரு சின்ன நம்பரை விட்டுட்டுப் பெரிய நம்பரைக் குடுக்கறாருன்னா என்ன அர்த்தம்? நம்மளால முடியும்னு மதிப்பு வந்துடுச்சுன்னுதானே? நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். கரியால அதே செவுத்துல கீழ எழுதி வெச்சேன்.

அந்த வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல். மூணு நாள் கண்ணே திறக்கலை. அத்தை மிளகா சுத்திப் போட்டுச்சு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். எல்லாப் புள்ளைக்கும் வர்ற காய்ச்சல்தான்னு டாக்டர் சொன்னாரு. எனக்குத் தெரியும் அது என்னன்னு. ஒரு சத்தியம் தவறிப் போச்சு. ஆனா முழுசாத் தவறலை, வேற நம்பருக்கு மாத்திக்கிட்டோம்ல, அதனாலதான் காய்ச்சலோட விட்டுடுச்சு.

பெரிய நம்பருக்கு ரெண்டாயிரத்து முப்பத்தஞ்சு வரைக்கும் போகணும். பகா எண்ணே முன்னூத்தி எட்டு இருக்குது. நான் அசரலை. புளி முடிஞ்சுது, களை எடுக்கப் போனேன், கடலை புடுங்கப் போனேன், தாள் மட்டும் நிக்கலை. மழை மாசத்துல போர் வண்டிக்கு வேலை இருக்காது, எல்லாரும் ஊருக்கு வந்துடுவாங்க. ஆவணியில நம்ம ஊர்ல இருந்து போன ஆறு பேர்ல அஞ்சு பேர் வந்தாங்க. அவரு வண்டிக்குக் காவலா தங்கிட்டாருன்னாங்க. மேலத் தெரு மஞ்சுளாக்கா வீட்டுக்காரரும் அதே வண்டிதான். மஞ்சுளாக்கா தண்ணிக் குழாய்க்கிட்ட என் கையைப் புடிச்சுக்கிட்டு, "அங்க வீடு எடுத்துத் தங்கியிருக்காராம் புள்ளை, சமைச்சுப் போட ஆளும் இருக்காம், நீ தெரிஞ்சுக்கோ"ன்னு சொல்லுச்சு. நல்லதாப் போச்சுக்கான்னேன். அவருக்கு ஓட்டல் சாப்பாடு ஒத்துக்காதுங்க, வயித்துல புண்ணு. மஞ்சுளாக்கா என்னையே பாத்துட்டு நின்னுச்சு, குடம் நெறைஞ்சு வழியறது கூடத் தெரியாம.

பொங்கலுக்கு வெள்ளை அடிக்கறது எப்பவும் அத்தைதான். நான் மாட்டுக் கொட்டகையில சாணி வழிச்சுட்டு இருந்தேன். ஐயோ நம்பர் போயிடுமேன்னு ஓடி வந்தேன். எனக்கு மனப்பாடம்தான், இருந்தாலும் அவரு கை பட்ட எழுத்து. வந்து பாத்தா, அத்தை மட்டையை வெச்சுக்கிட்டு அந்த ரெண்டு நம்பரையும் சுத்தி, கோடு புடிச்ச மாதிரி, ஒரு கட்டம் விட்டு அடிச்சுட்டு இருக்குது. என்னைத் திரும்பிக் கூடப் பாக்கலை. "என்னத்த பாக்கற, போய் சாணியைப் பாரு"ன்னுச்சு.

அதாங்க நீங்க பாத்தது.

இப்ப எங்க இருக்கேன்னா, பொங்கல் முடிஞ்சதுல இருந்து ஆயிரத்து நூத்தி எண்பத்தேழுல இருக்கேன். நூத்தித் தொண்ணூத்தஞ்சாவது. அத்தை கேட்டாலும் அதைத்தான் சொல்றேன். இன்னும் முடியலை அத்தை, அங்கதான் நிக்கறேன்னு.

வேண்டாம் டீச்சர்! போனை எடுக்காதீங்க. அதுல போட்டா ஒரு நொடியில வந்துடும், எனக்குத் தெரியும். அதுக்குக் கேக்கலை நான்.

என்ன கேட்டீங்க? பொங்கல் போய் ரெண்டு மாசம் ஆச்சே, ஏன் அங்கயே நிக்கறேன்னா?

கணக்கு டீச்சர்னா கணக்கு டீச்சர்தான்.

இருங்க. பாப்பா அழுவுதா? இல்ல, தூக்கத்துல.

இந்தாங்க, இதைப் பாருங்க. ரவிக்கைக்குள்ள வெச்சு வெச்சு மடிப்புல கிழிஞ்சுடுச்சு. தை மாசத்துத் தாள், பொங்கல் முடிஞ்ச நாலாம் நாள். கடைசிப் படியைப் பாருங்க. ஒவ்வொரு எழுத்தா எறக்கி எறக்கி, கடைசியில ஏழை எறக்கினேன். எறக்கினா கீழ என்ன நிக்குது பாருங்க. ஆயிரத்து நூத்தி எண்பத்தேழு. நான் எதால வகுக்கறேனோ அதே நம்பர் கீழ வந்து என்னை நேருக்கு நேர் பாக்குது. ஒரு தடவை. மீதி சைபர்.

மூவாயிரத்து நானூத்தித் தொண்ணூத்தொண்ணு தடவை. பெருக்கியும் பாத்துட்டேன், ஏழெட்டுத் தடவை.

உங்ககிட்ட கேக்கணும்னு சொன்னேனே, அது இதுதான். சரியா இருக்குதான்னு பாருங்க. போன்லயே பெருக்கிப் பாருங்க, அதுக்கு எடுக்கலாம்.

சரிதானா?

சரியாத்தான் இருக்குதா.

நீங்க தப்புன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். எங்கயாவது கடன் வாங்கறதுல விட்டிருப்பேன், ஏழாவது படிச்ச புத்திதானே, தப்பா இருக்கும், தப்பா இருந்தா நாளையில இருந்து அடுத்த நம்பருக்குப் போயிடலாம், இன்னும் நூத்திப் பதிமூணு இருக்குதுன்னு.

யாருக்கும் சொல்லலை டீச்சர். அத்தைக்குச் சொல்லலை. அத்தை சந்தோசப்பட்டு அன்னைக்கே போன் போட்டு அவருகிட்ட சொல்லிடும். அவருக்குச் சொல்லலை. சொன்னா, எந்த நம்பருன்னு கேப்பாரு. அப்புறம் சிரிப்பாரு. அப்புறம் மூணாவது நம்பர் குடுப்பாரு, இல்ல அதுவும் குடுக்காம அம்மாகிட்ட குடும்பாரு. அவரு சிரிச்சுட்டுப் போயிடுவாரு டீச்சர், சத்தியம் இங்கதானே இருக்குது, உள்ள தூங்கிட்டு இருக்குதே அது தலை மேல. போன தடவை காய்ச்சலோட விட்டுச்சு.

நான் சொல்லாத வரைக்கும் அவரு சத்தியத்தை மீறலை. அப்படித்தானே? கணக்கு அப்படித்தானே வரும்? வகுபடலைன்னா வர வேண்டியதில்ல. வரலைன்னா தப்பில்ல. புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது.

அதனால நான் சொல்ல மாட்டேன். அவராக் கேக்கட்டும்னு இருக்கேன். வாரத்துக்கு ஒரு தடவை போன் வருது. சாப்டியா, பாப்பா சாப்டுச்சா, மழை பேஞ்சுதா, அம்மாகிட்ட குடு. இந்த ஒம்போது வாரமா காதை வெச்சுக் கேட்டுட்டே இருக்கேன். அந்த நம்பர் என்னாச்சுன்னு ஒரு வார்த்தை. வேற ஒண்ணும் வேண்டாம். கேட்டாருன்னா ஞாபகம் இருக்குதுன்னு அர்த்தம். ஞாபகம் இருக்கறவங்ககிட்ட சொன்னா வந்துடுவாங்க. மறந்தவங்ககிட்ட எப்படிச் சொல்றது?

எங்க அத்தையே வாரம் தவறாம கேக்குது, படிக்கத் தெரியாத மனுசி. அவரு கேக்க மாட்டாரா?

ஏன் டீச்சர் அப்படிப் பாக்கறீங்க. புளித்தூசி கண்ணுல பட்டுச்சா, தொடாதீங்க, இன்னும் எரியும். முந்தானையில ஒத்திக்குங்க.

அத்தை சத்தம்தானே அது? ஆமா, அத்தைதான். சக்கரைப் பையைப் போட்டுட்டு ஏன் இந்த ஓட்டம் ஓடி வருது?

"ஏ மாதேஸ்வரி! ஏ புள்ளை! முனிராசு லைன்ல இருக்கறான், சீக்கிரம் வா, டவரு போயிடப் போவுது!"

வரேன் அத்தே!

நீங்க இருங்க டீச்சர், ஆதார் கார்டை அத்தை எடுத்துக் குடுக்கும். அந்தத் தாளை இப்படிக் குடுங்க. கை பூரா புளி, பரவாயில்ல. நானா வாயைத் திறக்க மாட்டேன். சாப்டேன், பாப்பா தூங்குதுன்னு சொல்லிட்டுப் பேசாம நிப்பேன். வழக்கத்தை விட இன்னும் கொஞ்சம் நேரம் பேசாம நிப்பேன், அவருக்கு ஞாபகம் வர்ற அளவுக்கு. இன்னைக்கு மட்டும் அவராக் கேட்டுட்டாருன்னா... வந்துட்டேன் அத்தே!... கேட்டுட்டாருன்னா டீச்சர், ஒரே மூச்சுல சொல்லிடுவேன், ஆயிரத்து நூத்தி